ஒரு மணிக்குக் கரண்ட் வரும்

அத்தியாயம் 14

இரண்டு பாஸ்போர்ட்டுகளும் நிலோஃபரின் கைப்பைக்குள் இருந்தன. ஒன்று அவளுடையது. இன்னொன்று ஒன்பது வயது மகள் நாஜியாவுடையது. பினாங்கில் வேலை பார்க்கும் கணவன் நிஹால் ஒன்றரை வருடமாக அலைந்து வாங்கிய விசா இரண்டிலும் ஒட்டியிருந்தது. புறப்படும் தேதியும் முடிவாகிவிட்டது. இன்றிலிருந்து பத்தொன்பதாம் நாள்.

இதை வீட்டில் சொல்லும்படி நிஹால் போன வாரமே போனில் கேட்டிருந்தான். "நீயே சொல்லிடு நிலோ. நான் சொன்னா உம்மா அழுவாங்க. எனக்குத் தாங்காது" என்றான். அவளுக்கு மட்டும் தாங்குமா என்று அவன் கேட்கவில்லை.

ஏழு நாட்கள் போய்விட்டன. ஒரு நாள் மாமியார் மதீனா பீவிக்குத் தலைவலி. ஒரு நாள் இன்வர்ட்டர் பேட்டரி செத்துப்போய் வீடே இருட்டில் கிடந்தது. மற்ற நாட்களில் ஒரு காரணமும் இல்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலையிலும் அப்படித்தான். "நாஜியாவுக்கு ஸ்கூல் ஷூ பாத்துட்டு வரேன் மாமி" என்று சொல்லிவிட்டு ஏஜெண்ட் ஆபீசுக்குப் போய் வந்தாள். இப்போது ஷூ இல்லாத கையோடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் குடியிருக்கும் பபேடான் பேட்டையில் அது கரண்ட் இல்லாத நேரம். நடைபாதையில் கடைக்கு ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குப் போன கரண்ட் ஒரு மணிக்கு வரவேண்டும். இந்த வாரத்து முறை அது. ஆனால் முறை என்பது சொல்லுக்குத்தான். சில நாள் பத்து நிமிடம் முந்தி வரும். சில நாள் வரவே வராது.

அவர்கள் கட்டடத்தின் வாசலில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், கோ ஜோ மின்னின் செல்போன் கடை. அவருடைய ஜெனரேட்டரைச் சுற்றிக்கொண்டு நிலோஃபர் படியேறினாள். கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டு நாற்பத்தொன்று.

முதல் மாடியில் இருப்பவர்கள் காலையில் க்யிம்யிண்டைங் சந்தைக்குப் போனால் மாலையில்தான் வருவார்கள். இரண்டாம் மாடி ஒரு குடை வியாபாரியின் கிடங்கு. எப்போதும் பூட்டியே இருக்கும். இரண்டாம் மாடியின் கடைசிப் படியில் கால் வைத்தபோதுதான் அவளுக்கு அந்த நாற்றம் அடித்தது.

காஸ்.

ஒரு கணம் வேறு எங்கிருந்தோ வருகிறது என்று நினைத்தாள். குனிந்து முகர்ந்தாள். நாற்றம் மேலேயிருந்து படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. மேலே மூன்றாம் மாடியில் அவர்கள் வீடு மட்டும்தான்.

இந்த நேரத்தில் மாமி லுஹர் தொழுதுகொண்டிருப்பாள். தொழுது முடித்ததும் முதல் வேலையாக அடுப்பைப் பற்றவைத்து ஆணக்குழம்பைச் சூடாக்குவாள். நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும் அப்படித்தான்.

நிலோஃபர் மேலே ஓட எடுத்த காலை நிறுத்திக்கொண்டாள்.

கரண்ட்.

சோற்றுக் குக்கரில் அரிசி போட்டு, சுவிட்சை அழுத்தி வைத்துவிடுவது மாமியின் வழக்கம். கரண்ட் வந்ததும் தானாக வெந்துவிடும். தண்ணீர் மோட்டாரின் சுவிட்சும் அப்படியே போட்டுத்தான் இருக்கும். பிரிட்ஜ் இருக்கிறது. கரண்ட் வரும் அந்த நொடியில் வீட்டுக்குள் மூன்று இடத்தில் பொறி தட்டும்.

மாமனார் அப்துல் பாரி முப்பது வருடம் வயரும் சுவிட்சும் விற்றவர். "சுவிட்சைப் போட்டாலும் பொறி, அணைச்சாலும் பொறி. கண்ணுக்குத் தெரியாது, காஸுக்குத் தெரியும்" என்பார். அதைச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாகத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

மேலே போவதா, கீழே போவதா?

மெயின் சுவிட்ச் கீழே படிக்கட்டடியில் இருக்கிறது. கரண்ட் இல்லாத இந்த நேரத்தில் அதை அணைத்தால் எங்கும் பொறி வராது. வந்த பிறகு அணைத்துப் பிரயோசனம் இல்லை.

அவள் கீழே ஓடினாள்.

வரிசையாக ஆறு மீட்டர். அவர்கள் வீட்டு மீட்டருக்குக் கீழே இருந்த சுவிட்ச் கட்டையைப் பிடித்து இழுத்தாள். அது துருவேறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்ததும் டக்கென்று விழுந்தது.

ஒன்று முடிந்தது. இனி மாமி.

போன் கைப்பையில் இருந்தது. எடுத்தவள் அப்படியே உள்ளே போட்டாள். மாமியின் போன் எப்போதும் அடுப்பு மேடையில்தான் கிடக்கும். அது அடித்தால் மாமி அடுப்படிக்குள்ளேயே போவாள்.

தெருவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். எல்லா மாடியிலிருந்தும் கயிறுகள் தொங்கிக்கொண்டிருந்தன. கயிற்றின் கீழ்முனையில் பேப்பரையோ காய்கறிப் பையையோ மாட்டிவிட ஒரு கிளிப். மேல்முனையில், பால்கனிக் கம்பியில், ஒரு மணி. கீழே இருந்து இழுத்தால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கும். கரண்ட் வேண்டாத மணி.

மூன்றாம் மாடிக் கயிற்றை நிலோஃபர் விடாமல் இழுத்தாள்.

சற்று நேரம் யாரும் வரவில்லை. மாமி சுஜூதில் நெற்றி பதித்திருக்கிறாளோ என்னவோ. மயங்கிக் கிடக்கிறாளோ என்ற நினைப்பு வந்ததும் அவள் கை இன்னும் வேகமாக இழுத்தது.

பால்கனிக் கதவு திறந்தது. வெள்ளைத் தொழுகைத் துணியோடு மதீனா பீவி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமி, அடுப்பைப் பத்தவைக்காதீங்க."

ஜெனரேட்டரின் உறுமலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மதீனா பீவி காதில் கை வைத்து என்ன என்று கேட்டாள். நிலோஃபர் கையை ஆட்டினாள். மதீனா பீவி தலையாட்டிவிட்டு, கயிற்றை மேலே இழுக்க ஆரம்பித்தாள். சாமான் ஏதோ அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. கிளிப்பில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து முகம் சுளித்தாள். பிறகு உள்ளே திரும்பினாள்.

"கோ ஜோ மின், ஜெனரேட்டரை நிறுத்துங்க. உடனே" என்று பர்மிய மொழியில் கத்தினாள் நிலோஃபர். "காஸ் லீக்காகுது. எங்க வீட்டுல."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையிலிருந்த போனைக் கீழே போட்டுவிட்டு வந்து ஜெனரேட்டரின் வாயை அடைத்தார். அந்த வாசலில் மட்டும் சத்தம் அடங்கியது.

"மாமி."

அந்த ஒரு வார்த்தை மூன்று மாடிக்கும் போயிற்று. மதீனா பீவியின் தலை மறுபடி தெரிந்தது.

"அடுப்பத் தொடாதீங்க. எதையும் தொடாதீங்க. காஸ் ஓடுது. அங்கயே பால்கனியில நில்லுங்க. நான் வரேன்."

மதீனா பீவி அசையாமல் நின்றாள். மேலிருந்து பார்த்த அந்த முகத்தில் பயத்தைவிட வேறு ஏதோ இருந்தது. அது என்ன என்று யோசிக்க நிலோஃபருக்கு நேரமில்லை. கோ ஜோ மின்னைப் படிவாசலில் நிற்கச் சொல்லிவிட்டு மேலே ஓடினாள்.

செருப்பைக் கழற்றி எறிந்தாள். துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். இரும்புக் கேட்டின் பூட்டை, இரும்போடு இரும்பு உரசாமல், இரண்டு கையாலும் தாங்கித் திறந்தாள். உள்ளே நாற்றம் கண்ணைக் கரித்தது. கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள். ஸ்ஸ் என்ற மெல்லிய சத்தம் கேட்டது. புது சிலிண்டர். காலையில் மாமனார் மாட்டிவிட்டுப் போனது. சிலிண்டரின் தலையில் ரெகுலேட்டர் சேரும் இடத்திலிருந்துதான் சத்தம்.

வால்வைத் திருகி மூடினாள். சத்தம் நின்றது.

பின்பக்க ஜன்னல் இரண்டையும் திறந்தாள். கதவு எல்லாவற்றையும் அகலத் திறந்து வைத்தாள். பிறகு பால்கனிக்குப் போய் மாமியின் கையைப் பிடித்தாள். "வாங்க மாமி, கீழ போயிடலாம்."

பிடித்த கையை விடாமலே படியிறங்கினார்கள்.

கோ ஜோ மின் கடைக்கு வெளியே, படிவாசலிலிருந்து நன்றாகத் தள்ளி, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார். பக்கத்து டீக்கடையில் சொல்லி இரண்டு டீ வரவழைத்தார். சிகரெட்டோடு அந்தப் பக்கம் வந்த ஒருவரை எதிர்ச்சாரிக்கு அனுப்பினார். பிறகு அவர் பாட்டுக்குப் படிவாசலில் போய் நின்றுகொண்டார்.

டீக் கோப்பை கைக்கு வந்தபோதுதான் தான் வெறுங்காலோடு இருப்பதை நிலோஃபர் பார்த்தாள்.

"மீ லா பி" என்று எதிர்க் கட்டடத்து நாலாம் மாடியில் குழந்தைகள் கூவினார்கள். கரண்ட் வந்துவிட்டது. தெரு நெடுக அந்தக் குரல் தொடர்ந்தது. விளக்குகள் எரிந்தன. எங்கோ ஒரு டிவி நடுவாக்கியத்திலிருந்து பேசியது.

நிலோஃபர் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. இன்று ஏழு நிமிடம் முந்தி.

மாமியும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள் என்பது தெரிந்தது.

"மாமி" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "ரெண்டாம் மாடிப் படியிலயே எனக்கு நாத்தம் வந்துச்சு. வீட்டுக்குள்ள இருந்த உங்களுக்கு எப்படி வரல?"

மதீனா பீவி டீக் கோப்பையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"எனக்கு வராது" என்றாள்.

"என்ன மாமி?"

"வாசனை வராது நிலோ. நாத்தமும் வராது. எதுவுமே வராது. நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு."

நிலோஃபர் அவளையே பார்த்தாள்.

"அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்ல. ஊரே ஆக்ஸிஜனுக்கு வரிசையில நின்னுச்சே, அப்ப. எல்லாருக்கும் போச்சு, எல்லாருக்கும் திரும்பி வந்துச்சு. எனக்கு வரல. இன்னிக்கி வரும், நாளைக்கி வரும்னு பாத்தேன். அப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு."

"இதுல என்ன வெக்கம்?"

"நான் யாரு நிலோ? இந்தத் தெருவுல நிக்காஹ்னா டான்பவுக் ஆக்க யாரக் கூப்புடுவாங்க?"

நிலோஃபருக்குப் பதில் தெரியும். நாற்பது பேர் விருந்தானாலும் நானூறு பேர் விருந்தானாலும் மதீனா பீவியின் பிரியாணி என்றால் மூன்று தெரு தள்ளி இருப்பவர்களும் கேட்டு வருவார்கள்.

"மூக்கு செத்தவ ஆக்குன சோறுன்னா யாரு திம்பா? வெங்காயம் செவக்குறது கண்ணுக்குத் தெரியும். கறி வேகுறது காதுக்குத் தெரியும். மசாலா அளவு கைக்குத் தெரியும். மூக்கு இல்லாமலே ஆக்கிடுவேன். ஆக்கிக்கிட்டுத்தானே இருக்கேன்."

போன செவ்வாய்க்கிழமை பருப்பு கருகியது நிலோஃபருக்கு நினைவுக்கு வந்தது. வீடு முழுக்கப் புகை. "பக்கத்துல உக்காந்துக்கிட்டே கருக விடுறீங்களே மாமி" என்று அவள் சொன்னதும், மாமி சட்டியைத் தேய்க்க எடுத்துப்போனதும் நினைவுக்கு வந்தன. தன் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"பால் கெட்டிருக்கான்னு தெரியாது. அதான் எப்பவும் உன்னக் குடிச்சுப் பாக்கச் சொல்லுவேன்" என்றாள் மதீனா பீவி. "அடுப்பு மூடியிருக்கான்னு ரெண்டு தடவ கையால தடவிப் பாப்பேன். இன்னிக்கும் பாத்தேன் நிலோ. ஆண்டவன் மேல ஆணையாப் பாத்தேன்."

"அடுப்புல இல்ல மாமி. சிலிண்டர் தலையில. அது உங்க தப்பு இல்ல."

மதீனா பீவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதெல்லாம்கூடப் போகட்டும்" என்றாள். "நாஜியா தலைக்கி எண்ண வைக்கிறேன்ல. சின்னப் புள்ளையில அந்த உச்சந்தலையில ஒரு வாசனை இருக்கும். இப்ப மோந்து மோந்து பாக்குறேன். ஒண்ணுமே இல்ல. யாரோ வீட்டுப் புள்ள மாதிரி இருக்கு."

நிலோஃபர் ஸ்டூலை நகர்த்தி அவளோடு ஒட்டி உட்கார்ந்தாள். அவள் தோளில் கை போட்டாள். கல்யாணமாகி வந்த இந்தப் பதினொரு வருடத்தில் அவள் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. மதீனா பீவி அந்தக் கையை விலக்கவில்லை.

"உன் மாமாகிட்ட சொல்லிடாத."

"மாமாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது. தெரிஞ்சா அடுப்படிப் பக்கமே விடமாட்டாரு. அந்த மனுஷன் பயந்தாங்கொள்ளி." பிறகு அவள் நிலோஃபரின் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீ இருக்கல்ல. இனிமே நீ மோந்து பாத்துச் சொல்லு. உன் மூக்குக்கு நான் ஆக்கிப் போடுறேன்."

கைப்பை நிலோஃபரின் மடியில் இருந்தது. உள்ளே இரண்டு பாஸ்போர்ட்டுகள்.

"சொல்றேன் மாமி" என்றாள். சொல்லிக்கொண்டே பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

---

அப்துல் பாரி தாகேதாவிலிருந்து திரும்பியபோது மணி மூன்று. அங்கே அவருடைய பழைய சிநேகிதர் ராஜரத்தினத்துக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பார்க்கப் போனவர், கையில் ஒரு பை கொய்யாப்பழத்தோடு வந்தார். வாசலிலேயே கோ ஜோ மின் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார்.

அவர் வீட்டுக்குள் வந்து முதலில் மனைவியைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, அடுப்படித் தரையிலும் மேடைக்கு அடியிலும் மூலை மூலையாக முகர்ந்தார். பிரிட்ஜுக்குப் பின்னால் முகர்ந்தார். எல்லாம் போய்விட்டது என்று உறுதியான பிறகுதான் கீழே போய் மெயினைப் போட்டுவிட்டு வந்தார்.

"சவுக்காரத் தண்ணி தடவிப் பாக்காம, வால்வையும் தெறந்தே வச்சிட்டுப் போயிட்டேன்" என்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடுனேன். என் தப்பு."

"யாரு இப்ப தப்பைப் பத்திக் கேட்டா" என்றாள் மதீனா பீவி.

குக்கரில் சோறு வெந்தது. சிலிண்டரை இன்னும் தொடவில்லை. ஆறிய ஆணத்தையே ஊற்றிக்கொண்டு நாலு மணிக்கு மூவரும் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். நாஜியா ஓதும் பள்ளியிலிருந்து வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

நிலோஃபர் சோற்றைப் பிசைந்தாள். வாய்க்குப் போகவில்லை. அந்த 'சொல்றேன் மாமி' காதிலேயே நின்றது. நான்கு வருடத்து வெட்கத்தை நடுத்தெருவில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒருத்தி இறக்கி வைத்திருக்கிறாள். இவள் இன்னும் பையை மூடி வைத்திருக்கிறாள்.

"மாமா, மாமி. ஒண்ணு சொல்லணும்."

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"காலையில நான் ஷூ வாங்கப் போகல. விசா வந்திருச்சு. எனக்கும் நாஜியாவுக்கும். டிக்கெட்டும் போட்டாச்சு."

மதீனா பீவி தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்ப?" என்றாள் மதீனா பீவி.

"பத்தொன்பது நாள்ல."

"நாஜியாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"அங்க ஸ்கூல்லாம் எப்படி? பர்மியம் இருக்காதே."

"மலாய் படிக்கணும் மாமி. சின்னப் புள்ள, படிச்சுக்குவா."

"ம்" என்றாள் மதீனா பீவி. தட்டில் இருந்த ஒரு பருக்கையை ஓரத்துக்குத் தள்ளினாள். "மூணு வருஷமா தனியாக் கெடக்குறான் எம்புள்ள. கடையில தின்னு தின்னு ஆளு பாதியாயிட்டான். போகத்தானே வேணும். போயிட்டு வாங்க." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அதை இருமலாக்கி மறைத்தாள்.

"நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். இன்னிக்குக் கீழ வச்சுச் சொல்லியிருக்கணும். நீங்க அப்படிக் கேட்டப்ப..."

"விடு." மதீனா பீவி இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து அமர்த்தினாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க. இவ இருப்பாங்கிற தைரியத்துல உங்ககிட்ட மறைக்கலாம்னு இருந்தேன். இப்ப இவளும் போறா. இனிமே வீட்டுல நீங்களும் நானுந்தான். அதனால சொல்றேன். எனக்கு வாசனை தெரியாது. நாலு வருஷமா."

அப்துல் பாரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"உனக்குத் தெரியாதுன்னு தெரியும்."

மதீனா பீவியின் கை பாதியில் நின்றது. "எப்பருந்து?"

"நீ காய்ச்சல் விட்டு எந்திரிச்ச மூணாம் நாளு. அந்த ஜவ்வாது அத்தர் இருக்குல்ல, என் மச்சான் குடுத்தது. நான் போட்டாலே தலவலிக்குது, தள்ளி உக்காருங்கன்னு வெரட்டுவியே. அன்னிக்கி வேணும்னே அள்ளிப் பூசிக்கிட்டு உன் பக்கத்துல வந்து உக்காந்தேன். நீ பாட்டுக்கு என் தோள்ல சாஞ்சுக்கிட்ட."

நிலோஃபர் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். எழுந்து போகலாமா என்று தோன்றியது. எழுந்தால் இந்தப் பேச்சு நின்றுவிடும் என்றும் தோன்றியது.

"அப்ப தெனமும் படுக்கப் போறதுக்கு முன்னாடி அடுப்படிக்குத் தண்ணி குடிக்கப் போவீங்களே?"

"தண்ணியும் குடிப்பேன்."

"ஆக்கி முடிச்சதும் சிலிண்டரை மூடுவீங்களே. அது உங்க கடைப் பழக்கம்னுல்ல நெனச்சேன்."

அவர் இன்னொரு கரண்டி ஆணத்தை ஊற்றிக்கொண்டார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லலையே மதீனா. நீ சொல்றப்ப கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

மதீனா பீவி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நிலோஃபர் தண்ணீரை நகர்த்தினாள். முந்தானை விலகியபோது பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரும் வழிந்துகொண்டுதான் இருந்தது.

"நாலு வருஷம் அந்த அத்தரப் போட்டுக்கிட்டா திரிஞ்சீங்க?"

"நல்ல அத்தர். வீணாப் போகலாமா?"

---

சாப்பிட்டு முடித்ததும் அப்துல் பாரி சட்டையைக் கழற்றிவிட்டு அடுப்படியில் குந்தி உட்கார்ந்தார். மெயினைப் போடக் கீழே போனபோதே புது ரப்பர் வாஷர் வாங்கி வந்திருந்தார். ஒரு கிண்ணத்தில் சவுக்காரத்தைக் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை அதில் போட்டு, நிலோஃபரிடம் கொடுத்தார். ஸ்பானரை எடுத்து ரெகுலேட்டரைக் கழற்றினார். அது ஒரு திருப்பிலேயே கழன்று வந்துவிட்டது.

பழைய வாஷர் தரையில் விழுந்தது. நிலோஃபர் அதை எடுத்துப் பார்த்தாள். கிழியவில்லை. வெடிப்புகூட இல்லை.

"இது நல்லாத்தானே மாமா இருக்கு?"

"இருக்கட்டும். புதுசே போட்டுருவோம்."

புது வாஷரைப் பொருத்தி ரெகுலேட்டரை வைத்தார். ஸ்பானரைப் பூட்டினார். அது நழுவியது. மறுபடி பூட்டினார். மறுபடி நழுவியது. மூன்றாம் தடவை இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பூட்டினார்.

அப்போதுதான் நிலோஃபர் அந்த வலது கையைப் பார்த்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசி உரசி, அவருடைய அனுமதி இல்லாமல், தாமாக ஆடிக்கொண்டிருந்தன. அவர் இறுக்கிப் பிடித்தபோது விரல் நின்றது. முழங்கை ஆடியது.

காலையில் ரெகுலேட்டர் இறுகாமல் போனது பஸ்ஸுக்கு நேரமானதால் இல்லை. இந்தக் கைக்கு முடுக்க முடியவில்லை.

அவர் நிமிர்ந்தார். அவள் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார்.

ஸ்பானரை அவளிடம் நீட்டினார். "இது எதிர்ப்பக்கம் திரும்பும்" என்றார் மெதுவாக. "இடது பக்கமா முடுக்கணும். ரொம்ப இறுக்காத. நின்ன எடத்துல ஒரு சுண்டு சுண்டு, போதும்."

அவள் முடுக்கினாள். வால்வைத் திறந்து, இணைப்பைச் சுற்றி சவுக்காரத் தண்ணீரைத் தடவினாள். இருவரும் தலையோடு தலை ஒட்டிக் குனிந்து பார்த்தார்கள். நுரை அப்படியே படிந்து கிடந்தது. ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை.

"எத்தன நாளா மாமா?" என்று கிசுகிசுத்தாள்.

அவர் வலது கையைக் கைலி மடிப்புக்குள் செருகிக்கொண்டார். கூடத்துப் பக்கம் காதைக் கொடுத்தார்.

"நிஹாலுக்குச் சொல்லாத" என்றார். "சொன்னா உங்க டிக்கெட்டை நிறுத்திருவான்."

அவள் பதில் சொல்லுமுன் காலடி கேட்டது. மதீனா பீவி அடுப்படிக்குள் வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் லேசாக இருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மாமி. லீக் இல்ல."

"அப்ப டீ போடுவோம்." மேடையிலிருந்த தீப்பெட்டியை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். "இந்தாங்க. நாலு வருஷம் திருட்டுத்தனமாக் காவல் காத்தீங்கள்ல, இன்னிக்கி நீங்களே பத்தவையுங்க."

அப்துல் பாரி சிரித்தார். கையை மட்டும் கைலி மடிப்பிலிருந்து எடுக்கவில்லை.

நிலோஃபர் தீப்பெட்டியை வாங்கக் கை நீட்டினாள். மதீனா பீவி கொடுக்கவில்லை. தீப்பெட்டி நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, கணவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கைலி மடிப்பைப் பார்த்தாள்.

"என்னங்க" என்றாள். "கைய எடுங்க."